வசந்த நெருப்பும் குயவன் ஜோரியும்

அன்பு மோர்வென்னா,

நம் தேவி உன்னையும் கோழிகளையும் நலமாக வைத்திருக்கட்டும். இந்த வடக்குத் தீவில் நான் மலைபோல் இருக்கிறேன். காற்றாலை நின்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். என் குரல் கேட்டால் காற்றே பயந்து வீசுகிறது.

கடிதம் கண்டேன். மே முதல் நாள் நம் மந்திரக்காரர் கூட்டம் மூட்டும் வசந்த நெருப்பை, நான் ஊரில் இல்லாததால், குயவன் ஜோரியோடு கைகோத்துத் தாண்டப் போகிறாயாமே? எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சேர்ந்து தாண்டுகிறவர்கள் அந்த வருஷம் முழுக்க ஜோடி என்று, நம் கல்யாணத்தில் கைகளைச் சேர்த்துப் பச்சை நாடாவால் கட்டிய அன்று நீதானே சொன்னாய்? தாண்டும்போது நான் வைக்கும் கொம்புக் கிரீடத்தை அவன் தலையில் வைத்தால் சினை ஆடு மாதிரி இருப்பான்.

நேற்று இங்கே பழகிப் பார்த்தேன். வீட்டு உயரத் தீ! ஒரே தாவல். தாடி மட்டும் கொஞ்சம் கருகியது.

"என்ன பெருசு, அடுப்பைத் தாண்டவா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றான் மேஸ்திரி ஃபெர்கஸ்.

"போடா, உன் பொண்டாட்டி ஊர்ல யாரோட தாண்டுறான்னு போய்ப் பாரு!" என்றேன்.

அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லையாம்.

கம்பளிக் காலுறையும் தீப்புண் களிம்பும் அனுப்பு. பச்சை நாடாவில் பாதியை வெட்டி அதோடு வை. மறுபாதியை உன் மணிக்கட்டில் கட்டிக்கொள். சூரியன் மறையும்போது நீ அங்கே தனியாகத் தாண்டு. அதே நேரம் நான் இங்கே தாண்டுகிறேன்.

ஜோரி முகம் வாடினால் பெரிய மத்தளத்தை அவனிடம் கொடுத்துவிடு. அதை அடிக்க இரண்டு கையும் வேண்டும்.

தபால் படகு ஊதிவிட்டது.

உன் டென்சில்