மூன்று வெள்ளிக்கிழமைகள்

செப்டம்பர் 14, ஞாயிறு. ஜுபைல், சவுதி

ஸ்டோரில் மூன்று தடவை செம்புக் கேபிள் காணாமல் போனதற்கு இன்று கூட வேலைபார்க்கும் பன்னீர்செல்வத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றும் வெள்ளிக்கிழமை மதியம். மூன்று நாளும் என் காவல் டூட்டியில் அவன் நிற்பது கேமராவில் இருக்கிறதாம்.

ஏன் நின்றான் என்று போலீஸ் என்னைக் கேட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது நான்தான் அவனை நிறுத்திவிட்டுப் போவேன். கேம்ப்பில் எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான். பதிலுக்குத் தீபாவளி, பொங்கலுக்கு நாங்கள் நிற்போம். எழுத்தில் எதுவும் கிடையாது. கேட்காமல் டூட்டி மாற்றினால் வேலை போய்விடும். பயந்துவிட்டேன், வேறென்ன.

செப்டம்பர் 16

போலீஸிடம் இன்னொன்றும் சொன்னேன். அன்றைக்கு எழுதக் கை வரவில்லை. ஆள் எப்படி என்று கேட்டார்கள். முன்பு தோஹாவில் ஒயர் துண்டுகளை விற்று மாட்டி வார்னிங் வாங்கியவன் என்று சொல்லித் தொலைத்தேன். அதை யார் கேட்டார்கள்?

செப்டம்பர் 29

தூக்கமில்லை.

அக்டோபர் 6

சாப்பிடும்போது சூப்பர்வைசர் ஐயப்பன் சொன்னார்: "அன்னைக்கு ஒயர், இன்னைக்கு கேபிள். மூணு தடவையும் அவனே நின்னது தற்செயலா?" எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

இரண்டு வருடமாக வெள்ளிதோறும் அவன்தானே நின்றான்? எதுவும் காணாமல் போகாத அத்தனை வெள்ளிக்கிழமைகளின் கேமராவை யாரும் பார்க்கவில்லையே. எடுத்தவன் எவனோ, அவனுக்கும் ஆள் குறைந்த அந்த நேரம்தான் தோது. போய்ச் சொல்லேன் — ஏன்டா வாயடைச்சுக் கெடக்கே?

அக்டோபர் 21

பன்னீரின் மனைவி பூவாயி ஊரிலிருந்து போன் செய்தாள். "நீங்க கூட இருக்கீங்கன்னுதான் பாய் தைரியமா இருக்கேன்." சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

நான்தான் அவனை நிறுத்தினேன் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டேன். மொழிபெயர்ப்பவர் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். எத்தனை வெள்ளி அவன் நின்றான் என்று நீதிபதி கேட்டார். எண்பது, தொண்ணூறு இருக்கும் என்றேன். எப்போதோ ஒயர் விற்றான் என்பதற்காக இதையும் இவன்தான் செய்தான் என்று எப்படிச் சொல்வது என்று அரசு வக்கீலைக் கேட்டார்.

டிசம்பர் 4, வியாழன்

திங்கட்கிழமை பன்னீரை விட்டுவிட்டார்கள். எனக்கு வேலை போய், ஊருக்கு அனுப்ப எக்ஸிட் விசா அடித்தாகிவிட்டது, மாலையில் விமானம்.

பெட்டிக்குக் கயிறு கட்ட அவனே வந்தான். மெலிந்திருந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"வேலை போனாலும் வந்து சொன்னீங்க பாய்," என்றான். கட்டிய முடிச்சை இன்னொரு தடவை இழுத்து இறுக்கினான். "ஒயர் வித்த கதைய இந்த ஊர்ல உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினான்.