வரப்பில் நின்று சொன்னது

இண்டூர்
9-11-2025

அன்புக் காவியாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டாயே, சேலத்தில் தாளுக்கு அவ்வளவு பஞ்சமா? ஹாஸ்டலில் உங்கள் போனை வாங்கி வைத்துக்கொள்வது ஒருவகையில் எனக்கு நல்லதாகப் போயிற்று. போன் என்றால் நீ பேசுவாய், நான் "ம்" போடுவேன். எழுதும்போதுதான் நானும் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஒன்பதாவதோடு நின்றவள் எழுதுவது. தப்பிருந்தால் உன் கூட்டாளிகளிடம் காட்டிச் சிரிக்காதே.

பெரிய செய்தி ஒன்று. இந்தத் தடவை பட்டுப்புழு ஷெட்டை அப்பா என் பொறுப்பில் விட்டுவிட்டார். "நீயே தழை போடு, நீயே பாத்துக்க. நான் வெட்டிக் கொண்டாந்து போடற ஆளு மட்டுந்தான்" என்றார். நாலாவது தோலும் உரித்தாகிவிட்டது, இன்னும் ஒரு வாரத்தில் கூடு கட்டிவிடும். புழுக்கள் தின்னும் சத்தம் வாசல் வரை கேட்கிறது. ஒன்றுகூட சோர்ந்து கிடக்கவில்லை. நான் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்படுவதைக் கண்டு அம்மா, "புழுவுக்கெல்லாம் பேரு வச்சிட்டியா?" என்று கிண்டல் செய்கிறார்.

பக்கத்து ஊரில் ஒருவர், தக்காளிக்கு அடித்த மருந்து தன் மல்பெரித் தழையில் பட்டுப் புழு செத்ததால் தக்காளிக்காரரோடு சண்டை வந்து புழு வளர்ப்பதையே விட்டுவிட்டாராம். அப்பா அதைச் சொல்லிவிட்டு, "நமக்கு அந்தத் தொல்லை இல்ல. சென்னப்பன் மருந்தடிக்கறதுக்கு மொத நாளே வரப்புல நின்னு கூப்பிட்டுச் சொல்லிடறான். நாமளும் அந்தப் பக்கத் தழையைத் தொடறதில்ல" என்றார். உன் அப்பாவைப் பற்றி என் அப்பா இப்படிப் பேசும்போது எனக்கே பெருமையாக இருக்கிறது.

அடுத்த வாரம் எங்கள் தழை வெட்டுக்கு உங்கள் வீட்டிலிருந்து மாமாவும் அத்தையும் வருவார்கள். பிறகு உங்கள் தக்காளி பறிக்க நாங்கள். நீ இல்லாததால் எனக்கு இரண்டு கூடை அதிகம்.

இந்தத் தடவை இரண்டு பக்கம் எழுது.

உன்
வெண்மதி


சேலம்
16-11-2025

என் மதிக்கு,

இரண்டு பக்கம் கேட்டாய், எழுதுகிறேன். ஊசி போட எங்களுக்கு முதலில் ஆரஞ்சுப் பழத்தைத்தான் கொடுத்தார்கள். என் பழத்தைப் பார்த்த மேடம், "இந்தப் பேஷண்ட் பொழைக்க மாட்டார்மா, சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பு" என்றார். வகுப்பே சிரித்தது. பழத்தை நாங்கள் நாலு பேர் பங்கு போட்டுத் தின்றோம். களி கேட்டால் இங்கே யாருக்கும் தெரியவில்லை. தினமும் சோறுதான்.

இன்று ஞாயிறு, வீட்டுக்குப் பேச அரைமணி நேரம் போன் கொடுத்தார்கள். அப்பா குரலே சரியில்லை. உங்கள் புழு முழுவதும் செத்துப்போனதாகச் சொன்னார். நீ எப்படி வளர்த்தாய் என்று எழுதிய கடிதம் என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.

அதைவிட மோசம் அடுத்து அவர் சொன்னது. சொல்லாமல் கொள்ளாமல் மருந்து அடித்துவிட்டார் என்று உன் அப்பா மாது மாமா பால் சொசைட்டியில் எல்லோர் முன்னாலும் அப்பாவைப் பேசிவிட்டாராம். அப்பா, "நான் வரப்புல நின்னு வெண்மதிகிட்டச் சொன்னேன்" என்கிறார். உன்னிடம் அப்படி யாரும் சொல்லவில்லை என்று உங்கள் வீட்டில் சொல்கிறார்களாம்.

இரண்டு வீடும் இப்போது பேசிக்கொள்வதில்லை என்று அம்மா அழுதார்.

மதி, எனக்கு நீ சொல். நீ சொன்னால் நான் நம்புவேன். என் அப்பா சொன்னதற்கு மாறாக இருந்தாலும் நம்புவேன்.

உன்
காவியா


இண்டூர்
21-11-2025

அன்புக் காவியாவுக்கு,

ஆரஞ்சுப் பழக் கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார். வீட்டில் யாரும் சிரித்துப் பத்து நாள் ஆகியிருக்கும்.

செத்த புழுக்களையெல்லாம் குழி தோண்டிப் புதைத்துவிட்டோம். ஷெட்டைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறோம். தட்டு எல்லாம் வெயிலில் காய்கிறது. இங்கே காலையில் பனி அதிகம். எங்கள் கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று நெற்றியில் மட்டும் வெள்ளை.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மாமா சொல்லியிருக்கலாம். தூரத்தில் நின்று சொல்லியிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது. என் காதில் ஒன்றும் விழவில்லை.

நீ நன்றாகப் படி. இதையெல்லாம் யோசிக்காதே.

வெண்மதி


சேலம்
30-11-2025

என் மதிக்கு,

உன் கடிதம் சின்னதாக இருந்தது. புழு போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ எழுதியதை நம்பி இன்று அப்பாவிடம் சண்டை போட்டேன். "நீங்க மறந்திருப்பீங்கப்பா. வயசாயிட்டே வருதில்ல. தப்புன்னு ஒத்துக்கிட்டா என்ன கொறஞ்சி போயிடும்? எங்களுக்கு மட்டும் உண்மை பேசு உண்மை பேசுன்னு சொல்லி வளத்தீங்க" என்றேன். அவர் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா சொன்னது எனக்கு இன்னும் மனதை அறுக்கிறது. முதலில் அப்பா கோபமாகத்தான் இருந்தாராம். இப்போது கோபம் போய், "ஏம்மா, நான் நெசமாவே சொன்னனா, இல்ல சொன்னதா நெனச்சிக்கிட்டனா?" என்று அம்மாவிடம் தினமும் கேட்கிறாராம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேனா, மோட்டாரை நிறுத்தினேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்க்கிறாராம். நாற்பத்தெட்டு வயதுதான், தலையில் ஏதாவது கோளாறு இருக்குமோ, டாக்டரிடம் காட்டலாமா என்று அம்மா என்னிடம் கேட்கிறார். நான் நர்சிங் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நான் என்ன சொல்வேன்?

வழியில் அவரைப் பார்த்தால் நீயாவது ஒரு வார்த்தை பேசு. உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. "பாவம், அந்தப் புள்ளைக்கு எதுக்குத் தொல்லை" என்றுதான் சொல்கிறாராம்.

உன்
காவியா


இண்டூர்
4-12-2025

காவியா,

மாமாவுக்குத் தலையில் ஒரு கோளாறும் இல்லை. அவர் சொன்னார். நான் கேட்டேன்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. நான் தழைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்தேன். மாமா உங்கள் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று, "வெண்மதி, நாளைக்கு மருந்தடிக்கறேன் புள்ள. இந்தப் பக்கம் நாலு வரிசையைப் பத்து நாளைக்குத் தொட வேண்டாம்னு உங்கப்பாகிட்டச் சொல்லிடு" என்றார். மருந்து கலக்க வந்த இரண்டு வெளியூர் ஆட்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நிற்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வேகமாக வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பாவைப் பார்க்க யாரோ வந்து உட்கார்ந்திருந்தார்கள். புது ஆட்கள் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது என்று உனக்குத் தெரியும். அவர்கள் போனதும் சொல்லலாம் என்று புழு ஷெட்டுக்குள் போனேன். போனவள் மறந்துவிட்டேன். புதன்கிழமை அப்பா அந்தப் பக்கத்திலிருந்துதான் தழை வெட்டி வந்தார். என் கையால்தான் போட்டேன். கொஞ்ச நேரத்தில் புழுக்கள் தலையைத் தூக்கி அசைத்து, பச்சையாகக் கக்கிச் சுருண்டன. அப்போதுதான் மாமா சொன்னது நினைவுக்கு வந்தது.

அப்பா சொசைட்டியில் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து, "அவன் உங்கிட்டச் சொன்னேங்கறான், சொன்னானா?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா, "அவகிட்டச் சொல்லியிருந்தா சொல்லாம இருப்பாளா? பாவம், புழுவுக்காக அவளே அழுதுட்டு நிக்கறா" என்றார். என் சார்பில் அம்மா பதில் சொல்லிவிட்டார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஆனால் உனக்கு எழுதியது பொய்தான். கையால் எழுதிய பொய். அதை நம்பித்தானே உன் அப்பாவை அப்படிப் பேசினாய்.

நீ என்ன திட்டினாலும் படித்துக்கொள்கிறேன்.

வெண்மதி


சேலம்
10-12-2025

வெண்மதி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கிழிக்க நினைத்துக் கிழிக்கவில்லை.

என்னிடம் சொல்லிவிட்டால் உனக்குப் பாரம் இறங்கிவிடும். என் அப்பாவுக்கு? போனில் நானே அவரிடம் சொல்லிவிடலாம். ஒரு நிமிடம் போதும். ஆனால் சொல்லமாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது.

சொல்லும்வரை எனக்கு எழுதாதே.

காவியா


இண்டூர்
20-12-2025

காவியா,

சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து நாலு நாள் என்னால் முடியவில்லை. மாமாவிடம் போகலாம் என்று இரண்டு தடவை உங்கள் வேலி வரை போய்த் திரும்பிவிட்டேன். அவர் தனியாகத் தக்காளி பறித்துக்கொண்டிருந்தார். பழுத்தது பாதி செடியிலேயே கிடந்தது.

புதன்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அப்பா, மாமா எங்கிட்டச் சொன்னாரு. நாந்தான் உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன்" என்றேன். அம்மா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கை கழுவிவிட்டு வந்து, "புழு போனா அடுத்த தடவை வளத்துக்கலாம். அவனை நான் என்னென்ன பேசினேன் தெரியுமா? என் வாயில வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்துச்சி" என்றார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாமா வூட்டுக்குப் போயி மன்னிப்புக் கேக்கறேன்பா" என்றேன்.

"வூட்டுல போயிக் கேட்டா எப்படி? நான் பேசினது நாலு பேரு முன்னாடி. அங்கதான் கேக்கணும். நானும் கேக்கணும், நீயும் கேக்கணும்."

காவியா, மறுநாள் காலை பால் சொசைட்டியில் இருபது பேர் இருந்திருப்பார்கள். மாமாவும் நின்றிருந்தார். அப்பா கேனைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும் இருக்கறப்பச் சொல்றேன். சென்னப்பனை இங்க வச்சித்தான் தப்பாப் பேசினேன். தப்பு எங்க வூட்டுது. மச்சான், மன்னிச்சிக்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. பால் அளக்கிற அக்கா, "சத்தமாச் சொல்லு புள்ள, மெசின் ஓடுது" என்று கத்தினார். மறுபடி சொன்னேன். "மாமா அன்னைக்கு எங்கிட்டச் சொன்னாரு. நான் கேட்டேன். வூட்டுல சொல்லாம விட்டுட்டேன். அப்புறமும் ஒத்துக்கல."

மாமா முதலில் என்னைப் பார்க்கவே இல்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "அப்ப நான் சொன்னேன்! கேட்டுக்கிட்டீங்களா? நான் சொல்லியிருக்கறேன்!" என்றார். "சரிய்யா, சொன்ன. ஒரு மாசமா எங்க உயிரை எடுத்துட்ட" என்றார் ஒருவர். மாமாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் புள்ள, எங்கிட்ட வந்து சொல்றதுக்கென்ன? கடிச்சித் தின்னுடுவனா?"

"பயம் மாமா."

"எம்மேலயா?"

"எல்லார் மேலயும்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுதுகொண்டே. மாமா மட்டும் சிரிப்பு அடங்கியதும், "இனிமேட்டு உங்கிட்டச் சொல்ல மாட்டேன். உங்கம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிக்கறேன்" என்றார். அது வலித்தது. ஆனால் நியாயம்தான்.

அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேரும் உங்கள் தக்காளிக்குப் போகிறோம். முதல் நாள் அத்தை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் டீ கொடுத்துவிட்டு எனக்குக் கொடுக்கவில்லை. இன்று கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தார், ஆனால் கொடுத்தார்.

எனக்கு இப்போது நன்றாகப் பசிக்கிறது. ஒரு மாதமாக அப்படிப் பசிக்கவில்லை.

நீ பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். அதுவும் பொய்யாகிவிடும். எழுது.

வெண்மதி


சேலம்
28-12-2025

மதி,

இன்று அப்பாவிடம் அரைமணி நேரமும் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். "போ கழுதை, நீ எப்பவும் வெண்மதி பக்கந்தானே" என்றார். பழைய குரல் வந்துவிட்டது. பால் சொசைட்டிக் கதையை நடித்தே காட்டினார், உன் குரல் உட்பட. உன் குரலில் அவர் பேசினால் எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நீ மறந்ததற்கு இல்லை. நான் நம்புவேன் என்று தெரிந்தே எழுதினாயே, அதற்கு. நீ சொன்னதை அப்படியே நம்புகிற பழக்கம் எனக்குத் திரும்ப வருவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். எத்தனை நாள் என்று எனக்கே தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்து அத்தனை பேர் முன்னால் நின்று, மெஷின் சத்தத்துக்கு மேல், தன் தப்பை இரண்டு தடவை சொன்னவள் நீ ஒருத்திதான். இங்கே கூட்டாளிகளிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பொங்கலுக்கு லீவு விட்டிருக்கிறார்கள். போகிக்கு முதல் நாள் சாயங்காலம் இண்டூரில் வந்து இறங்குவேன். அப்பாவை வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாப்புக்கு நீ மட்டும் வா. உன்னைத் திட்ட வேண்டியது நிறைய மிச்சம் இருக்கிறது. அங்கிருந்து வீடு வரை நடந்தால் சரியாக இருக்கும்.

உன்
காவியா