புதுப்பிக்கத் தவறிய அட்டை

சரோஜா, நான் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொள்கிறவளே,

நீ போய்ப் பதினோரு வருடமாகிறது. சேலையூர் வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் ஒன்பது மணிக்குச் சட்டை மாட்டிக்கொள்கிறேன். எங்கே போக என்றுதான் தெரிவதில்லை.

நம் உஷாவுக்கு வேலை போய்விட்டது. தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் அவள் பத்து வருடம் நின்றபடி மின்பலகைகளில் பாகங்களைப் பொருத்திய கம்பெனி, கூலி குறைவான வேறொரு நாட்டுக்குப் போகிறதாம். ஒரு நாட்டுக்காரன் திறந்தான், இன்னொரு நாட்டைப் பார்த்து மூடுகிறான். முப்பத்து நாலு வயதில் அவள் மறுபடி வேலை தேட வேண்டும்.

போன வாரம் பம்மலிலிருந்து வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்: "அப்பா, என் எம்ப்ளாய்மெண்ட் கார்டு உயிரோட இருக்குல்ல? பதினாலு வருஷ சீனியாரிட்டி. இப்பவாவது ஏதாவது வருமா?"

நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

உனக்கும் தெரியாத ஒன்று இது. அவள் பி.எஸ்ஸி. முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தோம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், தவறினால் பதிவு மூப்பு போய்விடும். அந்தப் புதுப்பிக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவனே நான்தான். கெடு தாண்டி வந்த எத்தனையோ பேரை, அழுதவர்களைக்கூட, விதியைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உஷாவின் கெடு, நீ ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்தில் வந்தது. உன் காரியங்கள் முடிந்து அலுவலகம் போன அன்றுதான் நினைவு வந்தது.

கடைநிலை ஊழியர் முருகேசன் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "இன்னா சார், ஊருக்கெல்லாம் ரூல் பேசிக்கினு சொந்தப் பொண்ணு கார்டையே கோட்டை வுட்டுட்டியே. குடு, பழைய தேதியில சீல் வெச்சுத் தரேன். எவன் கேக்கப் போறான்?"

வேண்டாம் என்றேன். நேர்மை என்று பிறகு அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். பயம்தான் சரோஜா. புதிதாகப் பதிந்தேன். வரிசையில் கடைசிக்குப் போனாள். அட்டையை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவளோடு பதிந்தவர்களுக்கு நேர்முக அழைப்பு அனுப்பிய வருடம், அந்த உறைகளில் முகவரி எழுதியவனும் நான்தான். அவள் கேட்டபோதெல்லாம், "வரும்மா, கொஞ்சம் பொறு" என்றேன்.

இப்போது அந்த வரிசைக்கே பழைய மதிப்பு இல்லை. பத்திரிகையில் விளம்பரம் செய்து, தேர்வு வைத்து எடுக்கிறார்கள். தாம்பரத்தில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் வகுப்பு. அவள் படித்த வேதியியலை யாரும் கேட்பதில்லை. மூப்பு போகாமல் இருந்திருந்தால் வேலை கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கும் என்றுதான் கணக்குச் சொல்கிறது. என் கணக்கை நானே நம்புவதில்லை, உனக்குத் தெரியுமே.

நேற்று அவள் மறுபடி வந்தாள். அட்டையை எடுத்துக் கையில் கொடுத்துச் சொல்லிவிட்டேன்.

தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா நம்மள விட்டுப் போன மாசம். மறந்ததுல தப்பு இல்லப்பா," என்றாள். எனக்கு மூச்சு வந்தது. பிறகு கேட்டாள்: "ஆனா ஏன் 'வரும், வரும்'னு சொன்னீங்க? பி.எட். சீட்டு கிடைச்சப்போ, கவர்மெண்ட் வேலைதான் வரப்போகுதேன்னு விட்டேன். கம்பெனியில பத்து வருஷமும், இது கொஞ்ச நாளைக்குத்தான்னு நெனச்சுக்கிட்டே நின்னேன்ப்பா."

சாப்பிடச் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அவள் போன பிறகு பார்த்தால், அட்டை மேஜைமேலேயே இருந்தது.

ஒரு வேலை அவளுக்கு வாய்க்காமல் போனதற்கு நாடு காரணம், சட்டம் காரணம் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். அவள் காத்திருந்ததற்கு யார் காரணம்? நீ இருந்திருந்தால் எந்த வருடத்தில் என்னைச் சொல்ல வைத்திருப்பாய்?

அழைக்காமல் யார் வீட்டுக்கும் போகிறவன் இல்லை நான், மகள் வீடானாலும். ஞாயிற்றுக்கிழமை பம்மலுக்குப் போகிறேன் சரோஜா. திட்டினால் கேட்டுக்கொள்வேன். பி.எட். படிக்கிறேன் என்றாலும், கடை வைக்கிறேன் என்றாலும், எந்த அலுவலகத்துக்குக் கூப்பிட்டாலும் கூடப் போவேன். பொறு என்ற சொல்லை மட்டும் இனி அவளிடம் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உஷாவின் அப்பா