கோலுக்குப் பின்னால் சிவப்புக் குடை

எசன், ஜேர்மனி,
மே 2004

என் அன்புக்குரிய ஐயாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? அம்மாவைத் தனியாகக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி கோல் அடித்ததைக் கேட்டுத் துள்ளினேன். ஆட்டத்தைப் பார்க்கத்தான் கிடைக்கவில்லை. பெரிய விஷயமில்லை, யோசிக்காதீர்கள்.

ஊரில் நடக்கும் நம் கல்லூரியின் உதைபந்தாட்ட இறுதியாட்டத்தைக் காட்டுவோம் என்று இங்குள்ள தமிழ்த் தொலைக்காட்சி ஒன்று ஒரு மாதமாக விளம்பரம் செய்தது. அதை நம்பி, பழைய மாணவர் வீடுகளுக்கெல்லாம் போய் அந்தச் சனலைப் பார்க்கக் காசு கட்டி வாங்கும் கார்ட்டை எடுக்க வைத்தவன் நான்தான். ஞாயிறு எல்லோரும் என் அறையில் கூடினோம். கார்ட் எடுத்தவர்களில் ஒருவரான சியாமளா அக்கா ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தா. நேரம் வந்ததும் ஏதோ பழைய நாடகம் ஓடியது. சனலுக்குப் போன் எடுத்தேன்.

“உரிமையை மற்றச் சனல்காரர் வாங்கிட்டினம் அண்ணை. போன கிழமையே முடிஞ்சுது,” என்றாள் ஒரு பிள்ளை.

“அப்ப ஏன் இண்டைக்குக் காலமையும் விளம்பரம் போட்டனீங்கள்?”

போனை வைத்துவிட்டாள். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார்கள்.

“உம்மை நம்பித்தானே எடுத்தனாங்கள்,” என்றா அக்கா. ரோல்ஸை ஒருவரும் தொடவில்லை.

அம்மாவின் மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். பஸ் வரப்போகிறது, இன்னும் ஒன்றுதான் கேட்க வேண்டும்.

கோலுக்குப் பின்னால் சிவப்புக் குடையோடு நிற்பேன், டிவியில் என்னைக் கண்டுபிடி என்று போன கடிதத்தில் எழுதினீர்களே. தம்பியைக் கொண்டு அதே இடத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மைதானம் வெறுமையாகக் கிடந்தாலும் குடையை விரித்தபடியே நில்லுங்கள், ஐயா.

உங்கள் மகன்,
குகதாசன்