தங்கச்சி செய்த ஸ்பீக்கர்

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நலம். நான் வேலை பார்க்கும் தையல் கடையின் பின்னறை காலியாகத்தான் கிடந்தது. முதலாளியம்மா எனக்கே விட்டுவிட்டார். அங்கே ஸ்பீக்கர் பெட்டி செய்கிறேன், சிரிக்காதே! கனத்த சத்தத்துக்கு எட்டு இஞ்ச் வூஃபர் இரண்டு வாங்கிவிட்டேன். கீச்சுக் குரலுக்கு எந்த ட்வீட்டர் போடுவது? ஊர் ரேடியோவெல்லாம் பிரிக்கிறவன் நீதான் சொல்ல வேண்டும்.

விரல் கதவில் நசுங்கிவிட்டது. கையெழுத்துக் கோணலுக்கு மன்னித்துவிடு.

தங்கச்சி

மார்ச் 11

அடி வாலு,

பளபளப்பைப் பார்த்து வாங்காதே. உன் வூஃபர் இரண்டாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டினால் திணறும். அதனால் அந்த இடம்வரை கீழே இறங்கி, சிரமமில்லாமல் பாடுகிற ட்வீட்டராக எடு. கிராஸ்ஓவர் அங்கேயே சத்தத்தைப் பிரிக்கட்டும்: வூஃபர் பக்கம் கம்பி சுற்றிய காயில், ட்வீட்டர் பக்கம் கெபாசிட்டர். ட்வீட்டர் ரொம்பக் கத்தினால் ஒரு ரெசிஸ்டர் போட்டு அடக்கு.

போன தடவை மாடிப்படி, இந்தத் தடவை கதவா? உன் புருஷன் கை வைக்கிறானா? ஒரு வார்த்தை எழுது.

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

நீ சொன்னபடியே செய்தேன். முதல் பெட்டி அருமையாகப் பாடியது. ஆசையாக வீட்டுக்குத் தூக்கிப் போனேன். லேத் பட்டறை வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் பார்த்தார்.

"எவன் சொல்லிக் குடுத்தான்?"

"அண்ணன்தான் லெட்டர்ல எழுதினான்."

"பொய்."

வூஃபரைக் காலால் மிதித்துக் கிழித்தான். பிறகு என் முடியைப் பிடித்துப் பெட்டி முனையில் மோதினான், இரண்டு முறை. புருவத்தில் ஆறு தையல். கதவை விரல்மேல் சாத்தியதும் அவன்தான்.

இப்போது பின்னறையில் இருக்கிறேன். முதலாளியம்மா துணைக்கு வந்தார், போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ வராதே. உன் கோபம் எனக்குத் தெரியும்.

தங்கச்சி

ஏப்ரல் 9

தங்கச்சி,

வந்தேன். நேரே பட்டறைக்குத்தான். "வாங்க மச்சான்" என்று சிரித்தான். அந்த வாயிலேயே குத்தினேன். கீழே விழுந்தவனை இரும்புக் கம்பியால் அடித்தேன். வலது முழங்கை நொறுங்குகிற சத்தம் காதில் விழுந்தது. மூன்று பேர் இழுக்கும்வரை விடவில்லை. இனி அந்தக் கை உன்மேல் விழாது.

கிழிந்ததற்குப் பதிலாக அதே மாடல் வூஃபரையே வாங்கு. இரண்டு பெட்டிக்கும் ஒரே குரல் வேண்டும்.

கொஞ்ச நாள் நண்பன் வீட்டில் இருப்பேன். விலாசம் பின்பக்கம். யாருக்கும் கொடுக்காதே.

அண்ணன்

ஏப்ரல் 20

அண்ணனுக்கு,

அவன் பிழைத்துக்கொண்டான். கை இனி மடங்காதாம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. "மூன்று பேர் இழுக்கும்வரை" என்று எவ்வளவு பெருமையாக எழுதியிருக்கிறாய்!

நீ வீட்டில் இல்லாத தைரியத்தில் அண்ணி இங்கே வந்துவிட்டாள். தோளைத் திறந்து காட்டினாள். ரேடியோவுக்கு நீ ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் சுட்ட தழும்பு, நாலு.

"எப்பலேர்ந்து அண்ணி?"

"அஞ்சு வருஷமா. உனக்கு அண்ணன்னா உசுரு. எப்படிச் சொல்றது?"

எனக்குக் காயிலும் கெபாசிட்டரும் எழுதிக் கொடுத்த அதே கை.

மறுநாள் காலையில் போலீஸ்காரர் வந்தார். "உங்க அண்ணன் எங்கம்மா?" என்றார். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் விலாசத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். இந்த லெட்டர் வந்து சேருவதற்குள் போலீஸார் அங்கே வந்திருப்பார்கள்.

தங்கச்சி