எஸ். என்றால் சூசை

8 ஜூலை 1997, செவ்வாய்

மணிப்பூர் எல்லையிலுள்ள அதிகாரிகளிடமிருந்து இன்று மதியம் கடிதம் வந்தது. நாங்கள் வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட மலையில், கூட இருந்து செத்தவர்களுக்கு நினைவுக்கல் வைக்கிறார்களாம். நான்தான் வந்து திறக்க வேண்டுமாம். விமான டிக்கெட்டும் அவர்களே எடுப்பார்களாம். ஐம்பது வருஷமாக இல்லாத அக்கறை இப்போது எதற்கு?

மருமகள் ஸ்டெல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலத்துக்குள் லிங்கராஜபுரத்தில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள். திரும்பி வந்து கடிதத்தை மறுபடி படித்தவள் சிரித்தாள்.

"மாமா, உங்க இனிஷியலைத் தப்பா விரிச்சு எழுதியிருக்காங்க. சூசை அந்தோணிசாமியாம்! உங்க அப்பா பேரு சவரிமுத்துதானே? எஸ்ஸுன்னா வாய்க்கு வந்த பேரைப் போட்டுடறதா?"

"ஆபீஸ்காரங்க அப்படித்தாம்மா," என்றேன்.

அது ஆபீஸ்காரர்களின் தப்பில்லை. மாலை போடுகிற மேடைகளில் எல்லாம் நான் வெறும் எஸ். அந்தோணிசாமிதான். அப்பா பெயரைச் சூசை என்று ஒரே ஒருவனிடம்தான் சொன்னேன். பிடிபட்ட பிறகு எல்லை முகாமில் என்னை விசாரித்த வெள்ளைக்கார அதிகாரி அவன். வீட்டைத் தேடி ஆள் வரக் கூடாதென்று மாற்றிச் சொன்னேன். அப்படியானால் அந்த வாக்குமூலம் இன்னும் இருக்கிறது. அதைப் படித்த யாரோதான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

நான் வருவதாக ஸ்டெல்லா பதில் எழுதித் தபாலில் போட்டுவிட்டாள்.

அந்த வாக்குமூலத்தில் அப்பா பெயர் ஒன்றுதான் பொய். காட்டில் ஒளிந்திருந்த எங்கள் ஆட்கள் மூவரின் பெயர்களை நான் சரியாகத்தான் சொன்னேன்.