இருபதும் தப்பு

ஜூலை 5, சனி

காலையிலிருந்து காற்று. கோச்சிங் சென்டர் விடுதி மொட்டைமாடியில் காயப்போட்ட சட்டை பக்கத்துக் காட்டில் கிடக்கிறது. எடுக்க நேரமில்லை. வாரத் தேர்வுத் தாள்கள்.

சரவணன், பேரையூர்ப் பையன், முதல் பேட்ச்சில் முதல் ரேங்க். இன்று பிசிக்ஸில் கடைசி இருபது கேள்வியும் தப்பு. நாலு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும் நாலைந்தாவது சரியாக விழும். இருபதையும் தப்பாகப் போட வேண்டுமென்றால் இருபதுக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்த என் மூளை இதுவரைக்கும் ஓடுகிறது. ஏன் என்பதற்கு ஓடவில்லை.

வாங்க வேண்டியது: சோப்பு, சிவப்புப் பேனா, கொசுவத்தி.

ஜூலை 6, ஞாயிறு

ஸ்டாஃப் ரூம் வாசலில் இரண்டாம் ரேங்க் ஜுலைகா. சிம்மக்கல் பாத்திரக்கடைக்காரர் மகள்.

"சார், சரவணன் வேணும்னே தப்பாப் போட்டுருக்கான். இப்ப நான் ஃபர்ஸ்ட்டாம். இதெல்லாம் ஒரு ஃபர்ஸ்ட்டா?"

"போய்ப் படி."

"அவனக் கேளுங்க சார். நான் பேசுனா வார்டன் மேடம் கத்துவாங்க."

உண்மைதான். மெஸ்ஸில்கூட ஆண், பெண் வரிசைக்கு நடுவே ஒரு பெஞ்ச் காலியாகவே கிடக்கும்.

அவனைக் கூப்பிட்டு அதே கேள்விகளை வாயால் கேட்டேன். பட்பட்டென்று பதில். எல்லாம் சரி.

"பெறகு எதுக்குடா?"

"எங்க மாமா வாராவாரம் ஊர்ல ஃப்ளெக்ஸ் வைக்கிறாரு சார். டாக்டர் சரவணன்னு."

காதுகுத்துக்கு வைப்பார்கள், கல்யாணத்துக்கு வைப்பார்கள். வாரத் தேர்வுக்கா? சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"போன லீவுல ஒரு அக்கா கைப்பிள்ளையத் தூக்கிட்டு வந்துருச்சு சார். பிள்ளைக்கு அனலாக் கொதிக்குது. டாக்டருன்னு போட்டுருக்கே, பாருன்னு மடியில குடுக்குது. எனக்கு என்ன தெரியும்? அப்புறம் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்பப் பரவால்ல."

நாளைக்குள் மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இந்த மார்க்கை ஏற்றினால் அவன் இரண்டாம் பேட்ச்சுக்கு இறங்கிவிடுவான். அங்கே பாடம் மெதுவாகப் போகும், மெடிக்கல் சீட்டே கைவிட்டுப் போகலாம். திரும்ப எழுதுகிறாயா என்றேன்.

"வேணாம் சார்."

முட்டாள். இல்லை, முட்டாள் இல்லை. அதுதான் பிரச்சினை.

ஜூலை 7, திங்கள்

மாமாவுக்கு போன். சுற்றி வளைக்காமல் சொன்னேன், ஃப்ளெக்ஸை இறக்குங்கள்.

"என்ன தம்பி, வாங்குன ரேங்கத்தான போடுறோம்? பொய்யா போடுறோம்?"

"டாக்டர்னு போட்டிருக்கீங்களே."

"ஆகத்தான போறான். ரெண்டு வருசம் முன்னப்பின்ன."

அவரே தொடர்ந்தார்: "இவன் ஆத்தா கைநீட்டி நின்னப்ப ஊர்ல ஒருத்தன் திரும்பிப் பாக்கல தம்பி. இப்ப அம்புட்டுப் பேரும் அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழ நின்னுதான் பஸ் ஏறுறான்."

போனை வைத்துவிட்டேன். இறக்குவாரா என்று கேட்கவேயில்லை.

மாலை மார்க் ஏற்றினேன். எழுதியதற்கு உள்ள மார்க். செய்தது சரியா? தெரியவில்லை. தலைவலி.

ஜூலை 9, புதன்

சரவணன் இரண்டாம் பேட்ச்சில், ஜன்னல் ஓரம். மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிடுகிறான். பார்த்தால் எரிச்சல். எனக்கு ஏன் எரிச்சல்?

மழை வரும்போல இருட்டிவிட்டு ஏமாற்றியது.

ஜூலை 13, ஞாயிறு

நேற்றைய தேர்வில் சரவணன் முழு மார்க். இரண்டாம் பேட்ச்சுக்கு வேறு தாள், லேசானது.

ஜுலைகா: "அப்ப ஒரே தாளா இருந்தா யாரு சார் ஃபர்ஸ்ட்டு?"

தெரியாது என்றேன். முறைத்துவிட்டுப் போனாள்.

சரவணனைக் கேட்டேன், இப்போது மட்டும் ஏன் ஒழுங்காக எழுதினாய்?

"ரெண்டாவது பேட்ச்சுக்கெல்லாம் மாமா ஃப்ளெக்ஸ் வைக்க மாட்டாருன்னு நெனச்சேன் சார்."

பேசிக்கொண்டிருக்கும்போதே மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். பேரையூர் பஸ் ஸ்டாண்ட். புது ஃப்ளெக்ஸ், பழையதைவிடப் பெரிது. 'இரண்டாம் பேட்ச்சிலும் முதலிடம்! எங்கள் டாக்டர்!' வலது மூலையில் நான். வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிற கூலிங் கிளாஸ் போட்டோ. கீழே 'நன்றி: சார்'.

போனை அவனிடம் நீட்டினேன். விரலால் பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் பார்த்தான்.

"சார், மூணாவது பேட்ச் இருக்கா?"